அப்பாவுக்குக் கால் தமனியில் அடைப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. கொரோனா நிமோனியான்னு மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒன்பதாம் நாள், ஆக்ஸிஜன் அளவு தேறி வந்த நேரம், "இடது கால் மரத்துப் போகுதுடா" என்றார். போர்வையை விலக்கித் தொட்டேன். முழங்காலுக்குக் கீழே ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன. வலது பாதத்தில் கைக்குத் தட்டுப்பட்ட நாடித்துடிப்பு இடதில் இல்லவே இல்லை.

ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில், இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது தெரிந்தது. அன்று இரவே பலூன் கதீட்டர் (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) விட்டு அடைப்பை எடுத்தார்கள். கால் பிழைத்தது, இரண்டு விரல்கள் போய்விட்டன. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருந்தும் வந்ததே என்று கேட்டேன். தொற்றில் ரத்தக்குழாயின் உட்சுவர் புண்படும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொள்ளும், ஊசி போட்டாலும் சிலருக்கு உறையும் என்றார் டாக்டர். இதயத்துக்கு ரத்தம் திரும்பும் சிரையில்தான் இது அதிகமாம். தமனியில் வந்தால் சில மணி நேரம்தான் அவகாசம்.

இப்போது வீட்டில் இருக்கிறார். இதைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: விரல் எடுத்த புண் ஆற எத்தனை நாள் ஆனது? மறுபடி நடக்க எப்படிப் பழக்கினீர்கள்? மாத்திரை விஷயம் டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறோம். மதுரைப் பக்கம் பாதத்துக்கு அளவெடுத்து எம்.சி.ஆர் (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர்) செருப்பு செய்பவர் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடக்கவிட பயமாக இருக்கிறது.