மதுரை – கம்பம் – குமுளி: இந்த சைக்கிள் கியர் போதுமா?

வைகைக்கரை:
ஆடியில் திராட்சைத் தோட்டங்கள் வழியே கம்பம் போய் குமுளி ஏறத் திட்டம். முன்னால் 50/34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை, கேரியரில் 10 கிலோ. ஏறுமா அண்ணே?

செயின்எண்ணெய்:
மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை ஏறும் தம்பி. அதுக்கப்புறம் ஏழு கிலோமீட்டர் போல கொண்டை ஊசி வளைவு. 28 பல்லில் முட்டி பேசும். பின்னால் 11-34 போடுங்க. கேசட்டை (பின்சக்கரப் பல்சக்கரக் கொத்து) மட்டும் மாற்றினால் வேலைக்காகாது. குட்டை டெரெய்லர் (செயினைப் பல் மாற்றிப் போடும் கருவி) பெரிய பல்லில் உரசும், பழைய செயினும் பத்தாது. டெரெய்லருக்குள் விடாமல் முன்னும் பின்னும் பெரிய பல்லில் சுற்றி அளந்து, இரண்டு லிங்க் கூட்டி வெட்டணும்.

உசிலம்பட்டியான்:
ஆடி வேண்டவே வேண்டாம். தென்மேற்குக் காற்று நேரே முகத்தில் அடிக்கும், சமவெளியே மலையாகிடும். தை, மாசியில் வைங்க. பன்னீர் திராட்சை (2023இல் புவிசார் குறியீடு வாங்கியது) அங்கே ஏறக்குறைய வருஷம் முழுக்கக் காய்க்கும்.

ரோட்டோர மண்ணில் இறக்கினால் வேலிக்கருவை முள் நிச்சயம். டியூப் மாற்றும் முன் டயருக்குள் பஞ்சை ஓட்டுங்க. ஒடிஞ்ச நுனி பஞ்சில் மாட்டும். விரலை விட்டால் ரத்தம்தான்.

செயின்எண்ணெய்:
இறங்கும்போது ரிம் பிரேக்கை (சக்கர வளையத்தை அழுத்தும் பிரேக்) பிடிச்சபடியே வராதீங்க, ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்தி, விட்டுடணும்.