வட்டார இசைக்குழு ஒன்றின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் சேர்ந்து நடத்திவரும் ஒரு வட்டார சிம்பொனி இசைக்குழுவின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆசிரியர்கள், எழுத்தர்கள், மருத்துவர்கள், மாணவர்கள் எனப் பலரும் மாலை வேளைகளில் கூடிப் பயின்று கச்சேரி செய்யும் குழு அது. நிகழ்ச்சி நிரல்களும், செயற்குழுக் கூட்டங்களின் குறிப்பேடுகளும், ஓர் அலமாரி நிறையப் பழைய இசைத்தாள்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் நிரல்களை மட்டும் வைத்து எழுதினால், எந்த ஆண்டில் யார் இசை நடத்துநராக (கண்டக்டர்) இருந்தார், எந்தப் படைப்பு வாசிக்கப்பட்டது என்ற பட்டியலே மிஞ்சுகிறது. வாசித்தவர்கள் அதில் எங்குமே தென்படுவதில்லை. இத்தகைய குழுக்கள் பெரிய தொழில்முறைக் குழுக்களைப் பார்த்துத் தோன்றியவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறதே, அது சரியா? பட்டியலுக்கு அப்பால் செல்ல எந்தச் சான்றுகளை நம்பலாம்?

மறுமொழி 1

தோற்றத்தைப் பற்றிய அந்தப் பொதுக்கருத்தை அப்படியே ஏற்க முடியாது. பல இடங்களில் ஆர்வலர்களே முன்னால் வந்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சட்டம் படிக்க வந்திருந்த இசையமைப்பாளர் தெலமான், 1702-ஆம் ஆண்டளவில் மாணவர்களைத் திரட்டி ஓர் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். 1729-இல் அதன் பொறுப்பை ஏற்ற இசையமைப்பாளர் பாக், ஒரு காப்பிக் கடையில் அதன் கச்சேரிகளை நடத்தினார். அதே நகரில் 1743-இல் பிரபுக்களும் வணிகர்களுமாகப் 16 பேர் பணம் போட்டு, 16 கலைஞர்களைக் கொண்டு தொடங்கிய கச்சேரி வரிசைதான், 1781-இல் துணி வணிகர்களின் கட்டடத்தில் அரங்கு பெற்று, இன்று நாம் அறிந்த கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவாக வளர்ந்தது. 1812-இல் வியன்னாவில் தோன்றிய இசை நண்பர்கள் சங்கத்தின் தொடக்ககாலக் கச்சேரிகளிலும் பெரும்பாலும் ஆர்வலர்களே வாசித்தார்கள்.

இவற்றையெல்லாம் விட உங்களுக்குப் பயன்படக்கூடியது வியன்னாவின் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் கதை. தந்தை செல்லோவும் அண்ணன்மார் வயலினும் அவர் வியோலாவும் வாசித்த வீட்டு நால்வர் குழு, நண்பர்கள் சேரச் சேரப் பெருகி, வீடு மாறி, ஓட்டோ ஹாட்விக் என்னும் வயலின் கலைஞரின் இல்லத்தில் கூடும் சிறிய ஆர்கெஸ்ட்ராவாயிற்று. 1816-இல் அவர் எழுதிய ஐந்தாம் சிம்பொனி முதலில் ஒலித்தது அங்கேதான். அதில் கிளாரினெட் இல்லை, டிரம்பெட் இல்லை, டிம்பனி என்னும் முரசும் இல்லை. புல்லாங்குழல்கூட ஒன்றே ஒன்று. அப்படைப்பு பொதுமேடை ஏறியது 1841-இல், ஷூபர்ட் மறைந்து 13 ஆண்டுகள் கழிந்த பிறகு. வீட்டில் கூடிய ஓர் ஆர்வலர் குழு இல்லாமல் போயிருந்தால், தன் சிம்பொனியைக் காதால் கேட்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைத்திருக்காது. ஆகவே, வட்டாரக் குழுவின் வரலாற்றைப் பெரிய குழுக்களின் நிழலாக எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2

மேலே உள்ளவர் சொன்ன சிம்பொனியை முன்வைத்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நடத்துநர் யார் என்பதைக் காட்டிலும், எந்த வாத்தியத்திற்கு ஆள் இல்லை என்பதே ஒரு சமூக இசைக்குழுவின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அந்த இல்லாமைக்குச் சான்று உங்கள் அலமாரியில் இருக்கிறது. முதல் வயலின் தாள்களை எண்ணிப் பாருங்கள். ஓர் இசைத்தாள் தாங்கிக்கு இருவர் அமர்வது வழக்கம் என்பதால், ஐந்து தாள்கள் தேய்ந்திருந்தால் ஏறத்தாழப் பத்துப் பேர் வாசித்திருக்கக்கூடும். பசூன் என்னும் தாழ்சுரக் காற்று வாத்தியத்தின் தாள் புதிதுபோல இருந்து, செல்லோ தாளில் அதன் இசை வரிகள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தால், பசூன் வாசிக்க ஆள் இல்லாத காலம் அது என்று கொள்ளலாம். ஓபோ என்னும் காற்று வாத்தியத்தை வாசிப்பவர் அரிது என்பதை அறிந்த பதிப்பாளர்களும், அதன் முக்கியமான பகுதிகளை வயலின் அல்லது கிளாரினெட் தாளில் சிறிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தார்கள். சில பதிப்புகளில் ஆர்மோனியத்திற்கென்றே தனித் தாள் இருந்தது; அது காற்று வாத்தியங்கள் அனைத்தின் இடத்தையும் நிரப்பியது.

தாள்களின் கடைசிப் பக்கத்தையும் தவறவிடாதீர்கள். வாசித்தவர்கள் தங்கள் முதலெழுத்து, கச்சேரி நடந்த தேதி, சில வேளைகளில் அன்றைய குளிர் பற்றிய புலம்பல் என எதையாவது எழுதிவைக்கும் வழக்கம் பரவலானது. நீங்கள் தேடும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பெயர்களை வெளியிடும் முன் அவர்களுடைய ஒப்புதலைப் பெறுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு புதிர் மட்டும் எஞ்சுகிறது. பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றிய எங்கள் குழுவிற்கு மிக அருகிலேயே நல்ல பித்தளை வாத்தியக் குழு ஒன்று இருந்தும், 1960-களின் நடுப்பகுதி வரை அவர்களில் ஒருவர்கூட எங்கள் நிரல்களில் இல்லை. மாறாக, பெண்களின் பெயர்கள் நான் எதிர்பார்த்ததைவிட மிக முன்னதாகவே வயலின் வரிசையில் வருகின்றன.

மறுமொழி 3

பெண்களைப் பற்றிய பகுதி வியப்புக்குரியதன்று. லண்டனில் இசை நடத்துநர் ஹென்றி வுட் தம் தொழில்முறைக் குழுவில் ஆறு பெண்களைச் சேர்த்தது 1913-இல். வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு பெண்களை உறுப்பினராக ஏற்றதோ 1997-இல்தான். ஊதியம் இல்லாத குழுக்களில் அந்தக் கதவு நெடுங்காலம் முன்பே திறந்துவிட்டது. ஆனால் காற்று வாத்தியங்கள் பெண்களுக்குப் பொருந்தா என்ற எண்ணம் வலுவாக இருந்ததால், நுழைந்தவர்கள் வயலின் வரிசையிலேயே நிறுத்தப்பட்டார்கள். எந்த ஆண்டில் ஒரு பெண் முதன்முதலாக ஹார்னோ டிரம்பெட்டோ வாசித்தார் என்பதைக் கண்டுபிடித்தால், அதற்கு ஒரு தனி இயலே ஒதுக்கலாம்.

பித்தளைக் குழுவின் விலகலுக்குச் சுருதி காரணமாக இருந்திருக்கலாம். பிரிட்டிஷ் ஆர்கெஸ்ட்ராக்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சுருதியைத் தாழ்த்தி, 1939-இல் ‘ஏ’ (A) சுரத்திற்கு நொடிக்கு 440 அதிர்வு என்ற அளவுக்கு வந்தன. பித்தளைக் குழுக்களோ சுமார் 452 என்ற பழைய உயர்சுருதியை 1960-களின் நடுப்பகுதி வரை விடவில்லை. இடையில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அரைச் சுரத்தில் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) பாதி. குழாயை வெளியே இழுத்துச் சுருதியை ஓரளவு தாழ்த்தலாம் என்றாலும், வால்வுகளின் குழாய் நீளம் அதற்கு ஒத்துவராமல் சுரங்கள் பிசகும். எனவே இரு குழுக்களிலும் வாசிக்க விரும்பியவருக்கு இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. அதற்கு எல்லோரிடமும் வசதி இருக்கவில்லை.

உங்கள் குறிப்பேடுகளில் கருவி வாங்கவோ சுருதி மாற்றவோ பணம் ஒதுக்கிய பதிவுகளைத் தேடுங்கள். அந்த ஆண்டும், பித்தளைக் கலைஞர்களின் பெயர்கள் நிரலில் தோன்றும் ஆண்டும் நெருங்கி நின்றால், சுருதியே தடையாக இருந்தது என்று துணிந்து எழுதலாம். பொருந்தாவிட்டால், இரு குழுக்களையும் பிரித்துவைத்தது பிழைப்பும் சமூக வர்க்கமும் சார்ந்த விலகலா என்பதை அன்று வாசித்த முதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.