வேதாளத்தின் சிறகில் பழுப்புப் புள்ளிகள்: உதவி தேவை

அப்பா 1980களில் கையால் வரைந்த வேதாள ஓவியத்தை அடுத்த மாதம் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள். ஏ3 அளவு, தடித்த காகிதம், குவாஷ் வண்ணம் (தண்ணீரில் கலந்து பூசும் கெட்டியான வண்ணம்). சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. டிசம்பர் மழைக்கு அப்புறம் சிறகோரத்தில் பழுப்புப் புள்ளிகள், கருநீல வானத்தின் மேல் வெள்ளைப் பொடி மாதிரி ஒரு படலம். காகிதமும் நெளிந்துவிட்டது.

சட்டத்தைக் கழற்றி, ட்ரை கேபினட்டில் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தேன். பரவுவது நின்றது, புள்ளிகள் போகவில்லை. குவாஷ் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், அதனால் ஈரத்துணி வைக்கவே இல்லை. யூடியூப்பில் ப்ளீச் போடச் சொல்கிறார்கள். அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பிராஸ் பசா பக்கம் சட்டம் போடும் கடையில், புது மவுண்ட் (ஓவியத்தைத் தாங்கும் அட்டை) மட்டும்தான் மாற்றுவோம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் தனியார் வைத்திருக்கும் காகித ஓவியங்களைச் சரிசெய்து தருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?