குதிரைக் கொட்டாவுக்கு ரப்பர் மேட் போட்டா வைக்கோல் வேணாமா?

ஆற்காட்டு சாரட்:

எல்லாருக்கும் வணக்கம். ஆற்காடு பக்கத்துல கிராமம். கல்யாணம், சாமி ஊர்வலத்துக்கு சாரட் ஓட்றோம். வீட்ல ரெண்டு உருப்படி. ஒண்ணு ஒன்பது வயசு மார்வாரி ஜாதி பெட்டைக்குதிரை, இன்னொண்ணு மட்டக்குதிரை. போன வருஷம்தான் பழைய மண் தரையை எடுத்துட்டு சிமெண்ட் போட்டோம், கழுவ வசதின்னு. அதுல இருந்து தலைவலி. பெட்டைக்கு பின்னங்கால் முட்டி ரெண்டுலயும் மயிர் கொட்டி, எட்டணா அளவுக்கு தோல் தேஞ்சு செவந்து கெடக்குது. இப்பல்லாம் படுக்கவே யோசிக்குது.

பொய்கை சந்தைக்கு போனப்ப ஒரு பால்காரர் சொன்னார், மாட்டுக்குப் போட்ற ரப்பர் மேட்டையே போடு, வைக்கோல் செலவே இருக்காதுன்னு. கொட்டா 12க்கு 10 அடி. விசாரிச்சா மேட் ஒண்ணு மூவாயிரத்து சொச்சம் ஆவுது. போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நெஜமாவே வைக்கோல், உமி எதுவும் வேணாமா? உமி நாலு மூட்டை வாங்கி வேற வெச்சிட்டேன்.

திமிரி விவசாயி:

மேட்டாவது ஒண்ணாவது. வைக்கோலை முழங்கால் அளவு கொட்டுங்க, வேல முடிஞ்சுது. எங்க அப்பா காலத்துல ரப்பரா இருந்துது?

விஷாரம் பழைய ஜட்கா:

தம்பி, அந்தப் பால்காரர் சொன்னதுல பாதி சரி. மாட்டு மேட் குதிரைக்கும் ஆவும், முக்கால் அங்குல கனம் இருந்தா. வைக்கோல் செலவே இருக்காதுன்னாரே, அதுதான் தப்பு. அத நம்பி நான் கெட்ட கதைய சொல்றேன்.

எங்க தாத்தா வாலாஜா ரோடு ஸ்டேஷன் வாசல்ல ஜட்கா கட்னவர். ராயபுரத்துல இருந்து 1856ல மொத ரயிலு வந்து நின்ன அதே ஊர்தான். அவர் காலத்துல கொட்டா மண் தரை, வைக்கோல் படுக்கை. வண்டி போச்சு, குதிரை ஆசை போவல. நானும் உங்கள மாதிரியே சிமெண்ட் போட்டு, அது மேல அஞ்சு மேட் வாங்கி விரிச்சேன். கடைக்காரர் 'கழுவி விடு பாய், போதும்'னார். வெறும் மேட்லயே நிக்க வெச்சேன்.

மொத வாரமே குதிரை மூத்திரம் பெய்யாம அடக்கிகினு நின்னுது. வெளிய புடிச்சு வந்து மண்ணுல விட்டாதான் பெய்யும். ஏன்னா வழவழன்னு இருக்கற எடத்துல பெய்ஞ்சா கால்ல தெறிக்கும், குதிரைக்கு அது ஆவாது. கொஞ்சம் தூளு தூவி விட்டேன், ஒடனே பெய்ஞ்சுது. ரப்பர் ஒரு சொட்டு குடிக்காது தம்பி. நாளைக்கு பத்து லிட்டர் வரைக்கும் பெய்யற ஜீவன், அது எங்க போவும்? மேட்டு மேல நிக்கும், இல்லன்னா இடுக்கு வழியா அடியில போவும்.

அடியிலதான் போச்சு. நாலு மாசம் கழிச்சு கடப்பாரை வெச்சு ஒரு மேட்டத் தூக்கினேன். கண்ணு எரிஞ்சு தண்ணி கொட்டிச்சு. கறுப்பா கூழு மாதிரி, அதுல புழு. ரெண்டு பேரு சேந்து புடிச்சாதான் அசையும் ஒரு மேட், நாப்பது கிலோவுக்கு மேல. அந்த நாத்தத்துல அஞ்சு மேட்டையும் வெளிய இழுத்த அன்னிக்கு சோறு எறங்கல. அதுக்கு முன்னாடியே குளம்புக்கு அடியில அந்த முக்கோண மெத்தை இருக்குதே, அது கறுத்து ஊசிப்போன நாத்தம் வந்துகினு இருந்துது. நான் மழைன்னு நெனச்சிருந்தேன்.

தப்பு மேட்ல இல்ல. தரைக்கு வாட்டம் இல்ல, அதான் தண்ணி ஓடற சரிவு. நீங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட் தண்ணிய தலைமாட்டுல ஊத்திப் பாருங்க. பத்து நிமிஷத்துல வாசப்பக்கம் ஓடிடணும், எங்கயும் குட்டை நிக்கக்கூடாது. 12 அடிக்கு ரெண்டு அங்குலம் வாட்டம் போதும். அதுக்கு மேல போனா குதிரை எப்பவும் சரிவுல நிக்கற மாதிரி ஆயிடும், கால் நரம்புக்கு நல்லதில்ல.

உங்க 12க்கு 10க்கு, 6க்கு 4 மேட் சரியா அஞ்சு. நாலு முழுசு, அஞ்சாவத நீளவாக்குல ரெண்டா அறுத்து ஓரத்துக்கு. கட்டர் பிளேட சோப்பு தண்ணியில நனைச்சு அறுங்க, அடியில ஒரு கட்டைய குடுத்தா வெட்டு விரியும். இத சித்திரை வெயில்ல, மதியம் வெயில்ல காஞ்சு விரிஞ்ச மேட்ட வெச்சு அளந்து அறுங்க. நான் மார்கழியில இறுக்கிப் போட்டேன், ஏப்ரல்ல நடுவுல ஒட்டக முதுகு மாதிரி எழும்பிச்சு. எழும்புதேன்னு மூலைக்கு கான்கிரீட் ஆணி அடிச்சது அதவிட பெரிய முட்டாத்தனம். ஒரு ஆணித்தலை மேல வந்துடுச்சு, துடைப்பம் மாட்டினதால கண்ல பட்டுது. குளம்புல ஆணி ஏறினா ரணஜன்னி வரும், டெட்டனஸ்னு சொல்வாங்களே, அந்த நோய் குதிரைய தாக்கற மாதிரி வேற எதையும் தாக்காது. சுவத்துல இருந்து சுவரு வரைக்கும் போட்டா ஆணியே வேணாம்.

இப்ப எங்க கொட்டாவுல மேட், அது மேல மூணு அங்குலம் மர இழைப்பு சுருள். மேட் இல்லன்னா ஆறு அங்குலமாவது வேணும். மிச்சம் அங்கதான், முழுசா வேணாம்ங்கறது இல்ல. அறுவ மில்லு மாவுத்தூள் வேணாம், இருமல் வரும். பிளைவுட் தூளும் வேணாம், அதுல பசை கலந்திருக்கும்.

சோதனை ஒண்ணுதான். காலையில கொட்டாவுல மண்டி போட்டு உக்காருங்க. முழங்கால் நனையக்கூடாது, அந்த ஒசரத்துல மூக்கு எரியக்கூடாது. நாம நின்னுகினு மோந்து பாத்து நாத்தம் இல்லைன்றோம், குதிரை படுத்தா அதோட மூக்கு தரையில இல்ல கீது?

கணியம்பாடி குதிரைக்காரன்:

பாய் சொல்றது சரி. ஆனா சிமெண்ட்டே போடாம மண் தரையா வெச்சிருந்தா இந்த வம்பே இல்ல. நாங்க ஆத்து மணல்தான் கொட்றோம், படுக்க மெத்துன்னு இருக்குது.

விஷாரம் பழைய ஜட்கா:

மண் தரை நல்லதுதான், பெய்யற எடத்துல குழி விழும், மாசம் ஒருக்கா கொத்தி மண்ணு மாத்தணும். யாரு செய்றாங்க இப்ப? மணல் மட்டும் வேணாம் அண்ணே. சிந்தின கொள்ளோட சேத்து மணலயும் நக்கும், வயித்துல போய் தேங்கி சூலை வரும், அதான் வயித்துவலி. மணல்தான் போடுவேன்னா தீனிய தொட்டியில வைங்க, கீழ போடாதீங்க.

மேட்ல ஒரு நல்ல விஷயம் சொல்ல மறந்தேன். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப எங்க கொட்டாவுல கணுக்கால் தண்ணி. படுக்கை மொத்தமும் கஞ்சி மாதிரி ஆச்சு. மேட் நகரல. தண்ணி வடிஞ்சதும் வெளிய எடுத்து கழுவி காய வெச்சு மறுபடி போட்டேன்.

ஆற்காட்டு சாரட்:

பாய், பக்கெட் ஊத்திப் பாத்தேன். தண்ணி வாசலுக்கு வரல, தலைமாட்டு மூலைக்கே திரும்பிப் போய் நின்னுது. மேஸ்திரிய கூப்ட்டேன், 'வாட்டம் கேக்கவே இல்லையே நீ'ன்றார். மேலயே ஒரு பூச்சு போட்டு வாட்டம் எடுத்துத் தர்றாராம். அதுவரைக்கும் முட்டிக்கு என்ன பண்றது? மதியம் தகர ஷீட்டு அடியில மேட் சுடாதா? உமிய என்ன பண்றது?

விஷாரம் பழைய ஜட்கா:

பூச்சு நல்லா காயட்டும், அவசரப்பட்டு மேல ஏத்தாதீங்க. அதுவரைக்கும் வேற எடத்துல மண்ணுல கட்டுங்க. முட்டிய டாக்டர் கிட்ட காட்டிடுங்க, வீங்கியிருந்தா தள்ளிப் போடாதீங்க.

சுடும் தம்பி, நம்ம ஊரு மே மாசத்துல கறுப்பு ரப்பர் மேல வெயில் விழுந்தா கை வைக்க முடியாது. மேக்கால பக்கம் கீத்து தட்டி கட்டிடுங்க. ரப்பர் வாடை மொத பத்து நாள் அடிக்கும், வெளிய காய வெச்சு எடுங்க.

இழைப்பு சுருள் கலந்த லத்திய பச்சையா மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில கொட்டாதீங்க. மரத்தூள் மக்கறப்ப மண்ணுல இருக்கற சத்த இழுத்துக்கும், பயிரு மஞ்சளா போவும். ஒரு மழைக்காலம் குப்பையில கெடக்கட்டும்.

உமி குதிரைக்கு வேணாம், தூசியும் அதிகம், பசியில தின்னா வயித்துல அடைச்சிக்கும். பக்கத்துல கோழிப்பண்ண இருந்தா கேளுங்க, வாங்கின வெலைக்கே எடுத்துப்பாங்க.

ஆற்காட்டு சாரட்:

மூணு மூட்டை போச்சு பாய். நாலாவத மட்டக்குதிரை கிழிச்சிடுச்சு, இப்பதான் பாத்தேன், வாயெல்லாம் உமி.

விஷாரம் பழைய ஜட்கா:

எவ்ளோ தின்னுது? லத்தி போட்டுச்சா பாருங்க. புரளுது, வயித்த திரும்பித் திரும்பிப் பாக்குதுன்னா இங்க எழுதாதீங்க, டாக்டருக்கு போன் பண்ணுங்க.

ஆற்காட்டு சாரட்:

ஒரு படி இருக்கும். லத்தி போட்டுடுச்சு பாய், சாதாரணமா கீது. தண்ணி குடிச்சுது.