திருவிழாக் காணொளிக்கு மூன்று கிளைம்: பாட்டி பேச்சைக் காப்பாற்ற வழி உண்டா?

சிப்புட் மலர்

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் (எஸ்டேட்) இருக்கிறோம். நானும் தம்பியும் சேர்ந்து யூடியூப் சேனல் நடத்துகிறோம். வெளியடுப்புச் சமையல், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பழைய கதைகள், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சுற்றுவது என்று வேலை முடிந்து வந்து எடுப்பதுதான். படம் பிடிப்பது தம்பி, வெட்டி ஒட்டுவது நான். விளம்பரப் பணம் வர ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றக் காணும், அவ்வளவே.

இந்த ஆண்டு எங்கள் மாரியம்மன் கோவில் ஆடித் திருவிழாவை எடுத்துப் போட்டோம். இதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாம் வந்து, "அந்தப் பச்சைக் கதவு எங்க வீடு" என்று எழுதுகிறார்கள். சந்தோஷமாக இருந்தபோதுதான் மூன்று பதிப்புரிமை கிளைம், அதாவது உரிமைக் கோரல், வரிசையாக வந்து நின்றது. அந்தக் காணொளிக்கு வரும் பணம் இப்போது எங்களுக்கு இல்லை.

முதலாவது, தொடக்கத்தில் கோவில் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமா அம்மன் பாட்டு. யாரும் பேசவில்லை, வெறும் காட்சிதான். இரண்டாவதுதான் எனக்குத் தலைவலி. கூழ் ஊற்றும் இடத்தில் பாட்டி பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பதையும், அந்தக் காலத்தில் தண்டல் (மேஸ்திரி) வீட்டிலிருந்து பானை வாங்கி வந்ததையும் சொல்கிறார். அவர் தலைக்கு நேர் மேலே கொட்டகைக் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்தார்கள். பாட்டு முழுவதும் பேச்சோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. மூன்றாவது உறுமி மேளம். ஆட்கள் நேரில் அடித்ததற்கு எப்படிக் கிளைம் வரும்?

காணொளியை அழித்துவிட்டு, பாட்டின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றித் திரும்பப் போடச் சொல்கிறார் தம்பியின் கூட்டாளி. விளக்கப் பகுதியில் "பாடல் உரிமை உரியவர்களுக்கே" என்று எழுதினால் போதும் என்கிறார் மாமா. எது சரி?

பாசார் மாலாம் பையன்

மாமா சொன்னதைச் செய்யுங்க அக்கா. நான் எல்லாக் காணொளியிலும் அந்த வரியைப் போடுறேன், இதுவரை ஒண்ணும் வரலை.

ஒலிக்காரன்

தம்பி, உனக்கு வராததற்குக் காரணம் அந்த வரி இல்லை. நீ அப்பம் சுடும் சத்தத்தைத்தான் போடுகிறாய், அதற்கு யார் உரிமை கேட்பார்கள்? கிளைம் போடுவது பெரும்பாலும் இயந்திரம். உரிமையாளர் கொடுத்த ஒலியோடு நம் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும், விளக்கத்தில் என்ன எழுதியிருக்கிறோம் என்று படிக்காது. சுருதியை ஏற்றினாலும் பல நேரம் பிடித்துவிடும். பிடிக்காவிட்டாலும், ஒருவர் பாட்டைத் தெரிந்தே மறைத்துப் போட்ட மாதிரிதான் ஆகும். அந்த வேலை வேண்டாம்.

மலர் தங்கச்சி, முதலில் காணொளியை அழிக்காதே. தனிப்பட்டதாகவும் மாற்றாதே. கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளைம் வந்தால் அந்தக் காணொளியின் வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில நேரம் சில நாடுகளில் மட்டும் காட்டாமல் நிறுத்துவார்கள். சேனலுக்குக் கெட்ட பெயர் வராது. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் முறைப்படி காணொளியை நீக்கச் சொல்வது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். உனக்கு வந்திருப்பது கிளைம்தான், பயப்படாதே.

இப்போது ஒவ்வொன்றாக. சினிமாப் பாட்டு ஓடும் தொடக்கத்தில் பேச்சு இல்லை என்கிறாய். யூடியூப் ஸ்டூடியோவில் அந்தக் காணொளியின் பதிப்புரிமை விவரத்தைத் திறந்தால் வழிகள் வரும்: அந்தத் துண்டை வெட்டுவது, வேறு பாட்டை வைப்பது, சத்தத்தை அடைப்பது. யூடியூபே இலவசமாகத் தரும் ஒலி நூலகத்திலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிடு. இணைப்பு மாறாது, பார்வைக் கணக்கும் கருத்துகளும் அப்படியே இருக்கும். அழித்துத் திரும்பப் போட்டால் "பச்சைக் கதவு எங்க வீடு" எல்லாம் போய்விடுமே.

பாட்டி பேசும் இடத்தில் சத்தத்தை முழுக்க அடைத்தால் பேச்சும் போய்விடும். பாட்டை மட்டும் அழிக்கும் வசதியைத் தேர்ந்தெடு. முன்பு அது சரியாக வேலை செய்யாது. 2024-இல் அதை மேம்படுத்தினார்கள், இப்போது பேச்சை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் உறிஞ்சப் பார்க்கும். குழாய் தலைக்கு மேலேயே இருந்தது என்கிறாய், அதனால் சுத்தமாக வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். செய்வதற்கு முன் மூலக் கோப்பைக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்துக்கொள். சேமித்த பிறகு மணிக்கணக்கில் ஓடும். அது முடியும்வரை வேறெதையும் தொடாதே.

உறுமி பற்றி ஒரு கேள்வி. அவர்கள் என்ன அடித்தார்கள்? வெறும் தாளமா, பாட்டும் பாடினார்களா?

சிப்புட் மலர்

நன்றி அண்ணே. பாட்டும் பாடினார்கள். இப்போது எல்லாக் குழுவும் பாடுவது போல ஒரு அம்மன் பாட்டு, ஏற்கெனவே ஆல்பமாக வந்தது. கூட்டமே சேர்ந்து பாடியது. குழுத் தலைவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான், எடுக்கச் சொன்னதே அவர்தான்.

ஒலிக்காரன்

அப்போது கிளைம் சரிதான். நேரில் அடித்தாலும் பாடினாலும் மெட்டும் வரியும் இன்னொருவருடையது. மெட்டு ஒத்துப்போனாலே அந்த இயந்திரம் பிடித்துவிடும், ஒரே பதிவாக இருக்க வேண்டும் என்றில்லை. குழுத் தலைவர் அனுமதி கொடுத்தது அவர்கள் அடித்ததை எடுத்துப் போட. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் மேடையேறும் கலைஞர்களுக்கும் தனி உரிமை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கியது நல்லதுதான். ஆனால் பாட்டை எழுதி இசை அமைத்தவர் உரிமையை அவர் கொடுக்க முடியாது.

இதில் எதிர்ப்பு போடாதே. எதிர்ப்பு போட்டால் உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம். அவர் மறுத்து, நீ மேல்முறையீடு செய்து, அதற்கும் அவர் நீக்கச் சொல்லிவிட்டால் அங்கேதான் ஸ்ட்ரைக் வரும். நியாயம் நம் பக்கம் உறுதியாக இருந்தால் மட்டும் அந்த வழி. வெறும் தாளத்துக்குக் கிளைம் வந்திருந்தால் நானே உன்னைப் போடச் சொல்லியிருப்பேன்.

தைப்பிங் ரவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தேவாரம் பழசுதானே, அதைப் பின்னணியில் போட்டால் பிரச்சினை வராது இல்லையா?

ஒலிக்காரன்

தேவாரம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு ஓதுவார் பாடி ஒரு நிறுவனம் பதிவு செய்து விற்கும் ஒலி அந்த நிறுவனத்துடையது. இங்கே ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு, எழுதியவருக்கு வாழ்நாளும் அதற்குப் பிறகு 50 ஆண்டும் உரிமை உண்டு. உங்கள் வீட்டில் யாராவது பாடினால் அதை எடுத்துப் போடுங்கள், தாராளமாக.

லயத்துப் பொண்ணு

மலர் அக்கா, நானும் கோவில் காணொளி எடுக்கிறவள்தான், கூலிம் பக்கம். பேச்சு எடுக்கும் நேரத்தில் கோவில் தலைவரிடம் போய், "பத்து நிமிஷம் பாட்டை நிறுத்துங்க ஐயா, பாட்டி பேசறாங்க" என்று கேட்டால் நிறுத்திவிடுவார்கள். கேட்பதற்குத்தான் நாம் கூச்சப்படுகிறோம். அதுவும் முடியவில்லையென்றால் சட்டையில் குத்தும் சின்ன மைக் வாங்கிப் பாட்டியின் சேலைத் தலைப்பில் குத்திவிடுங்கள். கைப்பேசியை மூன்றடி தள்ளி வைத்து எடுப்பதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். குழாய் அவருக்கு முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள்.

இன்னொன்று. கூழ் கதையை மட்டும் வீட்டுத் திண்ணையில் தனியாகச் சொல்லச் சொல்லி எடுத்துப் போடலாமே? திருவிழாவைப் பார்த்தவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

பாசார் மாலாம் பையன்

சரி, என் வரியை நானே எடுத்துடறேன் போல. ஒலிக்காரன் அண்ணே, ஒரு சந்தேகம். நான் இன்னும் பணம் வரும் நிலைக்குப் போகலை. ஷார்ட்ஸ்தான் நிறைய போடுறேன், லட்சக்கணக்கில் பார்க்கிறாங்க, ஆனா 4,000 மணி நேரம் ஏறவே மாட்டேங்குது. ஏன்?

ஒலிக்காரன்

ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கும் நேரம் அந்த 4,000 மணிக் கணக்கில் சேராது தம்பி. விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு ஒன்று, 12 மாதத்தில் நீளக் காணொளியில் 4,000 மணி. இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடிப் பார்வை. இரண்டில் ஒரு வழியைப் பிடி. அழித்த காணொளி, தனிப்பட்டதாக மாற்றிய காணொளி, காசு கொடுத்து விளம்பரம் ஓட்டிய பார்வை இவையும் சேராது. மலரை அழிக்காதே என்றதற்கு இதுவும் ஒரு காரணம், மற்றவர்களும் கவனித்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் நீளக் காணொளியில் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடு நமக்கு, ஷார்ட்ஸில் 45.

தைப்பிங் ரவி

அந்தப் பணத்துக்கே நான் தவம் கிடக்கிறேன். முகவரியை உறுதி செய்ய கூகிள் அனுப்பும் பின் எண் கடிதம் வரவே இல்லை. எங்கள் லயத்துக்கு வீட்டு எண் கிடையாது.

பழைய கிராணி

தோட்டத்து முகவரியில் இது வழக்கமான கதை. வருமானம் 10 அமெரிக்க டாலரைத் தொட்டதும் அந்தக் கடிதம் தபாலில் கிளம்பும், இரண்டு மூன்று வாரம் ஆகலாம். எங்கள் காலத்தில் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து, மேசையில் குவிந்து, யாராவது எடுத்து வந்தால்தான் உண்டு. பட்டணத்தில் இருக்கும் அண்ணன் தம்பி வீட்டு முகவரியைக் கணக்கில் மாற்றிவிட்டு மறுபடி கடிதம் கேளுங்கள். கேட்கக்கூடிய தடவையெல்லாம் கேட்டும் வரவில்லையென்றால் அடையாள ஆவணத்தைக் காட்டி உறுதி செய்ய வழி தருவார்கள். முதல் கடிதம் கிளம்பி நான்கு மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் நின்றுவிடும்.

அப்படியே அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் பணத்தில் 30 விழுக்காடு பிடிப்பார்கள். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்தப் பணத்திலும் 24 விழுக்காடு வரை பிடிக்கலாம். நம்மைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயும் சிங்கப்பூரிலும்தான், அதனால் படிவம் கொடுத்தவருக்குப் போவது சில்லறைதான். இங்கே உள்நாட்டு வருமான வரிக்கும் இந்தப் பணம் கணக்கில் வரும். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மைக் வாங்கிய ரசீது உட்பட.

சிப்புட் மலர்

எல்லோருக்கும் நன்றி. தொடக்கப் பாட்டுக்குப் பதில் ஒலி நூலகத்திலிருந்து ஒரு நாதஸ்வரம் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு புல்லாங்குழல் வைத்தேன், பரவாயில்லை. அந்த கிளைம் போய்விட்டது. பாட்டி பேச்சில் பாட்டை அழித்தது முக்கால்வாசி வேலை செய்தது. கிளைம் நீங்கிவிட்டது, ஆனால் "தண்டல் வீட்டுப் பானை" என்று சொல்லும் இடத்தில் மட்டும் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. அந்த இடத்துக்கு எழுத்து வரி போட்டிருக்கிறேன். உறுமியை அப்படியே விட்டுவிட்டேன், எதிர்ப்பு போடவில்லை. அதனால் இந்தக் காணொளியின் பணம் வராது, போகட்டும்.

கூழ் கதையைத் திண்ணையில் எடுக்கலாமா என்று பாட்டியிடம் கேட்டேன். புதுச் சேலை கட்டித்தான் உட்காருவாராம். கடைசியாக ஒன்று: உறுமித் துண்டை மட்டும் ஷார்ட்ஸாகப் போடலாமா அண்ணே?

ஒலிக்காரன்

ஒரு நிமிடத்துக்குள் வெட்டிப் போடு. 2024 அக்டோபரில் ஷார்ட்ஸை 3 நிமிடம் வரை நீட்டியபோதே, ஒரு நிமிடத்தைத் தாண்டியதில் கிளைம் இருந்தால் அதை யாருக்கும் காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். குழுவின் பெயரை மறக்காமல் எழுது, அவர்களுக்கு அடுத்த திருவிழாவுக்கு ஆள் கூப்பிட உதவும்.