கடைசி 200 மீட்டரில் தோள் ஏறிவிடுகிறது, உடல் தோரணைப் பயிற்சி உதவுமா?

இரண்டாம்_சுற்று:
800 மீட்டர் ஓடுகிறேன். முதல் சுற்றில் ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டாவது சுற்றில் பாதி தாண்டியதும் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறி, தலை பின்னால் சாய்ந்து, கை வீச்சு குறுகிவிடுகிறது. வீடியோவில் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் ஓடும்போது எனக்குத் துளியும் தெரிவதில்லை. கோச் ஓரத்தில் நின்று "தோளை இறக்கு" என்று கத்துவார். நான் இறக்கினால் அது இன்னும் விறைத்துப் போகிறது. உடலின் இறுக்கத்தையும் அசைவையும் கவனிக்கக் கற்றுத்தரும் அலெக்சாண்டர் முறை, ஃபெல்டன்கிரைஸ் முறை என்று சிலர் சொல்கிறார்கள். அதெல்லாம் நடிகர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும்தானா, ஓடுகிறவனுக்கும் பயன் உண்டா? ஏற்கெனவே நேரம் இழுபறி. அதில் அரை மணி ஒதுக்கலாமா?

தசையும்_நரம்பும்:
ஃபிசியோவாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தம்பி, நீ எழுதியதில் முக்கியமான விஷயம் தோள் ஏறுவது இல்லை, ஏறுவது உனக்குத் தெரியாததுதான். கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே மூளைக்குச் சொல்லும் உணர்வு ஒன்று உண்டு, தசைக்குள்ளும் தசைநாணிலும் மூட்டிலும் அதற்கான உணர்விகள் இருக்கின்றன. புரோப்ரியோசெப்ஷன் என்று அதற்கு 1906இல் பெயர் வைத்தவர் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய நரம்பியல் ஆய்வாளர். சிக்கல் என்னவென்றால், பழகிப்போன இறுக்கத்தை மூளை கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அதுதான் இயல்பு என்று தோன்றிவிடும்.

நீ கேட்ட முறையை உருவாக்கிய அலெக்சாண்டர் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான். மேடையில் கவிதை, நாடகப் பகுதிகளை ஒப்பிப்பவர், குரல் அடிக்கடி கட்டிக்கொண்டது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தபோது, பேச ஆரம்பிக்கும் நொடியில் தலையைப் பின்னால் இழுத்து, மூச்சைச் சத்தத்தோடு உறிஞ்சுவது தெரிந்தது. சரி என்று தலையை முன்னால் கொண்டுபோனார், அதாவது கொண்டுபோனதாக நினைத்தார். கண்ணாடியில் பார்த்தால் இன்னும் பின்னால் போயிருந்தது! "தோளை இறக்கு" என்பது ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது புரிகிறதா? இறுகிய தசை இறுகியபடியே இருக்க, அதன் மேல் இன்னொரு தசையை வைத்துத் தோளைக் கீழே அமுக்குகிறாய், அவ்வளவுதான். எதையாவது செய்து சரிப்படுத்துவதை விட, செய்துகொண்டிருப்பதை நிறுத்தக் கற்பதுதான் இந்தப் பயிற்சி.

ஓய்வான நாளில் தொடங்கு. தரையில் மல்லாந்து படு, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வை, தலைக்கடியில் மெல்லிய புத்தகம் ஒன்று. பத்துப் பதினைந்து நிமிடம் கழுத்து, தாடை, விலா, தோள்பட்டை எது தரையில் படுகிறது எது தூக்கி நிற்கிறது என்று மட்டும் கவனி. திருத்தாதே. அப்புறம் மைதானத்தில் மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போ, எந்த வேகத்தில் தாடை கடிபடுகிறது என்று பார். பலருக்குத் தோளுக்கு முன்பே தாடையும் விரலும் இறுகிவிடும், மூச்சும் மேல் மார்புக்கு ஏறிவிடும். நீ கடைசி 200இல் வருவதாக நினைப்பது அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கலாம்.

தரைப்_பாய்:
ஜூடோ ஆடுபவன். ஃபெல்டன்கிரைஸ் முறையை உருவாக்கிய ஃபெல்டன்கிரைஸும் ஒரு ஜூடோக்காரர், இயற்பியலும் பொறியியலும் படித்தவர், முழங்கால் அடிபட்ட பிறகுதான் தன் அசைவுகளையே நுணுக்கமாக ஆராய ஆரம்பித்தார். அவர் முறையில் எல்லாமே மெதுவாகவும் சின்னதாகவும் நடக்கும். ஒருக்களித்துப் படுத்துத் தோள்பட்டையை ஒரு அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்துவது, அதோடு விலா நகர்கிறதா, இடுப்பு வருகிறதா என்று பார்ப்பது, இப்படி. பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பயிற்சியா என்று தோன்றும். ஆனால் சக்தி குறைவாகப் போட்டால்தான் நுண்ணிய வித்தியாசம் தெரியும், கனமான பையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு காகிதம் கூடினால் தெரியாத மாதிரி. எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம், விழும்போது மூச்சைப் பிடிக்காமல் இருப்பது.

வலைக்கு_அப்பால்:
ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். வாலிபால் கோச் நான். இந்தக் கவனிப்பு வேலையைப் போட்டிக்குள் கொண்டுபோனால் ஆட்டம் கெடும். கவனத்தை உடலுக்குள் வைப்பதை விட வெளியே, அசைவின் விளைவின் மேல் வைத்தால் பெரும்பாலும் நன்றாகச் செய்கிறோம் என்று அசைவுக் கற்றலை ஆராயும் கேப்ரியேல் வுல்ஃப் பல வருட ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிவது முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிவதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைத் திருத்த "முழங்காலை வெளியே தள்ளு" என்று நான் சொல்வதில்லை, "சத்தம் வராமல் இறங்கு" என்கிறேன். இடுப்பும் முழங்காலும் தானாக மடங்குகின்றன.

இன்னொன்று, காயம் குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் கால்பந்து வீரர்களுக்காக உருவான ஃபிஃபா 11+ மாதிரி வார்ம் அப் திட்டங்களுக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. சமநிலை, குதித்து இறங்குவது, திசை மாற்றுவது எல்லாம் சேர்ந்து சுமார் 20 நிமிடம். அலெக்சாண்டர் பாடங்களுக்கு நல்ல ஆதாரம் நாள்பட்ட முதுகுவலியில் இருக்கிறது. இதைச் செய்தால் 800இல் இத்தனை வினாடி குறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

இரண்டாம்_சுற்று:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் பயிற்சியில் உள்ளே பார்ப்பது, பந்தயத்தில் வெளியே பார்ப்பது, சரியா? பந்தயத்தில் எதைப் பிடித்துக்கொள்வது?

தசையும்_நரம்பும்:
வாலிபால் கோச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பந்தயத்தில் ஒரே ஒரு குறிப்பு போதும், அதுவும் வெளியே இருக்கட்டும்: முன்னால் ஓடுகிறவரின் முதுகு, அல்லது எல்லைக் கோடு. பார்வை அங்கே நின்றால் தலை பின்னால் போவது குறையும்.

பயிற்சியில் இதைச் செய். இன்டர்வல் ஓட்டங்களில் (இடையிடையே ஓய்வு விட்டுத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடுவது) கடைசி ஒன்றிரண்டை, அதாவது நன்றாகக் களைத்த பிறகு ஓடுவதை, யாரையாவது படமெடுக்கச் சொல். ஓடி முடித்ததும் உடனே வீடியோவைப் பார்க்காதே. தோள் எங்கே இருந்தது, தாடை எப்படி இருந்தது, எந்த இடத்தில் மாறியது என்று முதலில் வாய்விட்டுச் சொல், பிறகு பார். ஆரம்பத்தில் உன் ஊகம் நிறையத் தப்பும். அந்த இடைவெளி சுருங்குகிறதா என்பதுதான் இந்த அரை மணி வீணாகவில்லை என்பதற்கு அளவு, கடிகாரம் அப்புறம். பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல், முன்னால் நின்று எடுத்தால் தலை சாய்வது சரியாகத் தெரியாது.