கட்டுரையில் கட்டு எங்கே இருக்கிறது?

தாழ்வாரம்:
நேற்று மைக்கூடு என்பவர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுரைக்குப் பிரெஞ்சில் எஸ்ஸே என்று பெயர், அதற்கு முயற்சி என்று அர்த்தம், தமிழில் கட்டுரை என்று பெயரிலேயே கட்டு இருக்கிறது, அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு எழுதி எழுதித் தன்னைத் தெரிந்துகொள்கிற பழக்கம் வரவில்லை என்று. முப்பத்தொரு வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவன் நான், ராத்திரி தூக்கம் வரவில்லை. கட்டு என்றால் கயிறு மட்டும்தானா? வீடு கட்டுகிறோம், பூக் கட்டுகிறோம், மெட்டுக் கட்டுகிறோம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தில் கட்டுரை காதை என்றே ஒன்று இருக்கிறது, தம்பி பார்த்ததுண்டா?

மைக்கூடு:
வணக்கம் ஐயா. பார்த்திருக்கிறேன். மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழைய கதையெல்லாம் சொல்கிற இடம். அங்கே பேசுவது எல்லாம் தெரிந்த தெய்வம். எஸ்ஸே என்று முதலில் பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் மோந்தேன் எழுதியதோ எனக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டு. 1570இல் நீதிமன்ற வேலையை விட்டுவிட்டு அடுத்த வருடம் வீட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்தவர், முதல் இரண்டு பாகத்தை 1580இல் அச்சடித்தார், மூன்றாவதை 1588இல். அதற்கப்புறமும் 1592இல் சாகும்வரை அச்சான பிரதியின் ஓரத்திலேயே எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். நம் வகுப்பில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, அதற்கு மேலே குறிப்புச் சட்டகம். முடிவுரை எழுதாததற்கே அந்த ஆளுக்கு இரண்டு மார்க் போயிருக்கும். இது கட்டு இல்லாமல் வேறென்ன?

தாழ்வாரம்:
சட்டகம் வேறு, சொல் வேறு. நீங்கள் சொன்னது சொல்லைப் பற்றி, இப்போது சட்டகத்துக்குள் போய் ஒளியாதீர்கள். இந்தியில் கட்டுரைக்கு நிபந்தம் என்று பெயர், பந்தம் என்றால் என்ன? கட்டு. கன்னடத்தில் பிரபந்தம், அதிலும் கட்டு. தெலுங்கில் வியாசம், நாமும் நூறு வருடத்துக்கு முன்னால் வியாசம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். அப்போது கட்டு இல்லையே, அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

கோட்டைமேடு:
மலையாளத்தை விட்டுவிட்டீர்களே ஐயா. அங்கே கட்டுரைக்கு உபன்யாசம். அதே சொல் இந்தியில் நாவல். எங்கள் ஊரில் உபன்யாசம் என்றால் மார்கழி மாதம் கோயில் வாசலில் மைக் செட். பெயரை வைத்துத்தான் எல்லாம் என்றால் கேரளத்துப் பையன் பரீட்சை எழுதும்போது சுண்டல் கொடுக்க வேண்டும். அப்புறம் மோந்தேனுக்குக் கோபுரம் இருந்தது. எனக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, அதிலும் பாதி தம்பியுடையது.

இரண்டாம்பக்கம்:
நான் வேறு ஒன்று சொல்லலாமா? ஐஏஎஸ் முதன்மைத் தேர்வுக்குப் படித்தபோது கட்டுரைத் தாளுக்குப் பயிற்சி எடுத்தேன். மூன்று மணி நேரம், இரண்டு கட்டுரை, 250 மார்க். ஒருநாள் உழைப்பைப் பற்றித் தலைப்பு. அப்பாவின் சைக்கிள் கடையை வைத்து ஆரம்பித்தேன், முதல் பக்கம் முழுக்கப் பெருமை. இரண்டாம் பக்கத்தில் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி வந்தது. டியூபை முக்கிப் பிடித்துக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பது என் வேலை. அதை எழுதிக்கொண்டே வரும்போது கை தானாக, பள்ளிக்கூட பஸ் போகிற நேரத்தில் நான் அந்தத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன் என்று எழுதிவிட்டது. பத்து வருடமாக அது எனக்கு ஞாபகமே இல்லை. அப்பா அதைக் கவனித்தாரா என்று அதற்கப்புறம் யோசிக்க ஆரம்பித்து அந்தக் கட்டுரையை முடிக்கவே முடியவில்லை. திருத்தியவர் அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பு மையில் அடித்து, தேவையில்லை, புள்ளிவிவரம் சேர்க்கவும் என்று எழுதியிருந்தார்.

மைக்கூடு:
பார்த்தீர்களா ஐயா, இதுதான் நான் சொன்ன கட்டு.

தாழ்வாரம்:
அம்மா, ஒரே ஒரு கேள்வி. அதை எந்த மொழியில் எழுதினீர்கள்?

இரண்டாம்பக்கம்:
ஆங்கிலத்தில்தான் ஐயா. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

தாழ்வாரம்:
போதும், அது போதும். அடித்தது எஸ்ஸே! முயற்சி என்று பெயர் வைத்துக்கொண்டதுதான் இந்தப் பெண்ணின் தொட்டியை அடித்தது, கட்டுரை அடிக்கவில்லை. இன்னொன்றும் கேளுங்கள். இங்கிலாந்துக்காரர் பேக்கன் 1597இல் எஸ்ஸே என்ற பெயரிலேயே பத்துக் கட்டுரை போட்டார். ஒவ்வொரு வாக்கியமும் வைக்கோல் பிரி மாதிரி முறுக்கிக் கட்டினது. அவர் அதில் எங்கே தன்னைத் தேடினார்? ஊருக்குப் புத்தி சொன்னார். ஏன், உங்கள் மோந்தேனே நூலக அறையின் உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதிவைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான். நம் பையன் திருக்குறளை மேற்கோள் காட்டினால் மட்டும் அது கட்டு.

ஒற்றுப்பிழை:
உள்ளே வர வேண்டாம் என்றுதான் இருந்தேன். முதல் பதிவில் "பூக் கட்டுகிறோம்" என்று ஒற்றுப் போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது. போன வருடம் நான் வாழ்த்துகள் என்று எழுதியதற்கு வரிசையாகப் பதிவு போட்டு மானத்தை வாங்கியவர் நீங்கள், அதனால் சொல்கிறேன்.

தாழ்வாரம்:
ஓரெழுத்து ஒருமொழி ஐயா அது, அதற்குப் பின்னால் வலி மிகும். பூப்பறித்தாள் என்று எழுதுவீர்களா, பூ பறித்தாள் என்று எழுதுவீர்களா? வாழ்த்துக்கள் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன், என்றைக்கும் சொல்வேன்.

ஒற்றுப்பிழை:
பூப்பறித்தாளை ஒட்டி எழுதினீர்கள், பூக் கட்டுகிறோம் என்பதைப் பிரித்து எழுதினீர்கள். அதற்கும் ஏதாவது சூத்திரம் வைத்திருப்பீர்கள்.

மைக்கூடு:
விஷயத்துக்கு வரலாமா? அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் கல்லூரிப் பிள்ளைகளை நாலு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், மனதை அறுத்த ஒன்றைப் பற்றி எழுத வைத்தார். யாரும் திருத்தவில்லை, மார்க் இல்லை. நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதினால் உள்ளே ஏதோ நடக்கிறது, சட்டகம் குறுக்கே வராதவரை. நான் சொன்னது இவ்வளவுதான்.

தாழ்வாரம்:
நீங்கள் சொன்னது அது இல்லை. பெயரிலேயே கட்டு இருக்கிறது என்று சொன்னீர்கள். மேலே இருக்கிறது, போய்ப் படியுங்கள். நாலு நாள் அழுதுகொண்டே எழுதியதை நான் எஸ்ஸே என்றும் சொல்ல மாட்டேன், கட்டுரை என்றும் சொல்ல மாட்டேன், அது டைரி. நிபந்தத்துக்குப் பதில் எங்கே?

கோட்டைமேடு:
இப்போது யார் எழுதுகிறார்கள் ஐயா? என் அக்கா மகன் மழைநாள் என்று தலைப்பைப் போனில் தட்டுகிறான், முன்னுரையிலிருந்து முடிவுரைவரை வந்து விழுகிறது. மழை பெய்தது, மண்வாசனை வந்தது, விவசாயிகள் மகிழ்ந்தார்கள். அன்றைக்கு அவன் வீட்டு ஓட்டில் ஒழுகி நோட்டு நனைந்தது, அந்த நோட்டிலேயே அதைக் காப்பி பண்ணினான். சரி, மார்க் என்ன தெரியுமா? பத்துக்கு ஒன்பது.

தாழ்வாரம்:
என் வகுப்பாக இருந்தால் மூன்று போட்டிருப்பேன்.

மைக்கூடு:
ஒழுகினதை அவன் எழுதியிருந்தால் எவ்வளவு போட்டிருப்பீர்கள் ஐயா, உண்மையைச் சொல்லுங்கள். முடிவுரை இல்லாமல் எழுதியிருந்தால்?

தாழ்வாரம்:
முடிவுரை இருந்தால்தானே படிக்கிறவனுக்கு முடிந்தது என்று தெரியும். இதிலென்ன கட்டு? கதவைச் சாத்திவிட்டு வருவதற்குப் பெயர் கட்டா? வீடு கட்டினவன் கதவும் வைப்பான் தம்பி. திரும்பவும் கேட்கிறேன், நிபந்தம்.

கோட்டைமேடு:
இரண்டாம்பக்கம் அக்கா, அந்தக் கட்டுரை இன்னும் இருக்கிறதா? அப்பாவிடம் கேட்டீர்களா?

இரண்டாம்பக்கம்:
தாள் இருக்கிறது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் திருப்பி எழுதிப் பார்த்தேன், தொட்டி வருகிற இடத்தில் நின்றுவிட்டேன்.

தாழ்வாரம்:
பாருங்கள், தமிழில் எழுதும்போதுதான் நிற்க வேண்டிய இடம் தெரிகிறது.

மைக்கூடு:
ஐயா, இதற்கு மேல் நான் என்ன சொல்ல. கட்டிப்போட்டது என்றும் அதைப் படிக்கலாம்.

தாழ்வாரம்:
படிக்கலாம், படிக்கலாம். நிபந்தத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.